வேதம், பாரம்பரியம்: நம் ஆங்கிலிக்கன் வேர் உண்மையில் என்ன சொல்கிறது?

ஆர்மோனியம்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வீட்டில் மூன்று மாதப் பையன் இருக்கிறான். லெந்து (ஈஸ்டருக்கு முந்திய உபவாசக் காலம்) தொடங்குவதற்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று எங்கள் போதகர் ஐயரிடம் பேசி வைத்திருந்தோம். போன வாரம் நாத்தனாரும் அவர் கணவரும் வந்திருந்தார்கள். அவர்கள் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்கள். "குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லி ஒரே ஒரு வசனம் காட்டுங்கள், நானே முன்னால் நின்று நடத்திக் கொடுக்கிறேன்" என்றார் நாத்தனாரின் கணவர். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கோபமாகச் சொல்லவில்லை. அக்கறையோடுதான் சொன்னார். அதனால்தான் மனதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர்கள் கத்தோலிக்கர். "வேதம் மட்டும் போதும் என்கிறீர்கள். ஆனால் லெந்து, ஜெபபுத்தகம், பேராயர் எல்லாம் வைத்திருக்கிறீர்கள். நாங்கள் பாரம்பரியம் என்று நேராகவே சொல்லிவிடுகிறோமே" என்றார்கள்.

எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக ஆங்கிலிக்கன் வழியில், அதாவது இங்கிலாந்து சபை வழியில், வந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். ஞாயிறு தவறாமல் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறேன். ஆனால் இந்த இரண்டு பேருக்கும் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நம் உபதேசத்தில் வேதத்துக்கு என்ன இடம், பாரம்பரியத்துக்கு என்ன இடம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனையோலை:

எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான் அக்கா: வேதம், பாரம்பரியம், பகுத்தறிவு. மூன்று கால் முக்காலி. ஒரு காலை எடுத்தாலும் விழுந்துவிடும். ரிச்சர்ட் ஹூக்கர் என்ற 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலிக்கன் போதகர் சொன்னது.

பொருநைக்கரை:

தம்பி பனையோலை, அந்த முக்காலியை நானும் பல வருடம் நம்பி, வகுப்புகளில் சொல்லியும் இருக்கிறேன். பிறகுதான் ஹூக்கரையே எடுத்து வாசித்தேன். முக்காலி என்ற உவமை அவர் எழுத்தில் இல்லை. அதைவிட முக்கியம், அந்த உவமை அவர் சொன்னதற்கு நேர் எதிராக நிற்கிறது. முக்காலி என்றால் மூன்று காலும் ஒரே உயரம். ஹூக்கர் வரிசை வைக்கிறார். அவருடைய 'சபை ஆளுகையின் சட்டங்கள்' நூலின் ஐந்தாம் புத்தகத்தில் (1597) வருகிறது: வேதம் எதைத் தெளிவாகச் சொல்கிறதோ அதற்குத்தான் முதல் மதிப்பும் முதல் கீழ்ப்படிதலும். அடுத்தது, பகுத்தறிவால் அவசியமாக எட்டப்படும் முடிவு. அதற்கும் பிறகுதான் சபையின் குரல். மூன்றும் உண்டு, ஆனால் சமம் இல்லை.

ஆர்மோனியம் தங்கச்சி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்து சபை 1571-இல் முடிவான வடிவத்தில் ஏற்றுக்கொண்ட 39 கோட்பாடுகளில் ஆறாவதை நிதானமாக வாசியுங்கள். இரட்சிப்புக்கு வேண்டிய எல்லாம் பரிசுத்த வேதத்தில் அடங்கியிருக்கிறது. ஆகவே அதில் வாசிக்கக் கிடைக்காததையும், அதைக்கொண்டு நிரூபிக்க முடியாததையும் விசுவாசத்தின் பாகமாக நம்பும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இதுதான் அதன் சாரம்.

இதில் யாருடைய கை கட்டப்படுகிறது என்று பாருங்கள். விசுவாசியின் கை இல்லை, சபையின் கை! "வேதத்தில் இல்லாத எதையும் செய்யாதே" என்று அது விசுவாசியிடம் சொல்லவில்லை. "வேதத்தில் இல்லாததை இரட்சிப்புக்கு அவசியம் என்று சுமத்தாதே" என்று சபையிடம் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் அண்ணனுக்கும் டீச்சருக்கும் சொல்ல வேண்டிய பதில் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நேர்வழி:

நான் அந்த அண்ணன் பக்கம் நிற்கிறவன், அதனால் வெளிப்படையாகவே கேட்கிறேன். கோட்பாடு ஆறு நல்ல கோட்பாடுதான். அப்படியானால் ஏன் அங்கேயே நின்றுவிடுகிறீர்கள்? ஆராதனை தேவனுக்குரியது. அவர் கேட்காததை அவருக்குக் கொடுக்க நாம் யார்? மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் மனுஷருடைய பாரம்பரியத்தைக் கைக்கொண்டு தேவனுடைய கட்டளையைத் தள்ளுகிறவர்களைக் கர்த்தரே கண்டித்தார். அங்கி, சாம்பல் புதன், பண்டிகை நாட்காட்டி எல்லாம் அந்தக் கணக்கில் வராதா?

பொருநைக்கரை:

நேர்வழி தம்பி, இதே கேள்வியை உங்களைப் போலவே பக்தியுள்ள மனிதர்கள் இங்கிலாந்தில் கேட்டார்கள். பியூரிட்டன்கள். பாதிரி வெள்ளை அங்கி போடுவது, ஞானஸ்நானத்தில் நெற்றியில் சிலுவை வரைவது, திருவிருந்துக்கு முழங்காலிடுவது, கல்யாண மோதிரம் எல்லாம் வேதத்தில் இல்லை, எடுத்துவிடுங்கள் என்றார்கள்.

லண்டனில் வழக்கறிஞர்கள் கூடி வழிபடும் டெம்பிள் கோயிலுக்கு 1585-இல் ஹூக்கர் தலைமைப் போதகராக வந்தார். அங்கே வால்டர் டிராவர்ஸ் என்ற பியூரிட்டன் ஏற்கெனவே பிற்பகல் பிரசங்கியாக இருந்தார். காலையில் ஹூக்கர் பிரசங்கிப்பார், பிற்பகலில் அதே பீடத்தில் டிராவர்ஸ் அதை மறுத்துப் பிரசங்கிப்பார். காலையில் கேன்டர்பரி (இங்கிலாந்து சபை), மதியம் ஜெனீவா (கால்வினின் சீர்திருத்தம்) என்று பிற்காலத்தில் ஒரு சரித்திர ஆசிரியர் எழுதினார். ரோம சபையில் வாழ்ந்து மரித்த நம் முன்னோர்களும் இரட்சிக்கப்பட்டிருக்கலாம் என்று ஹூக்கர் சொன்னதும் அந்தச் சண்டையில் ஒரு பெரிய விஷயம். கடைசியில் பேராயர் டிராவர்ஸின் வாயை அடைத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தத் தர்க்கம் ஹூக்கரை விட்டுப் போகவில்லை. பல வருடம் உட்கார்ந்து எட்டுப் புத்தகங்களாக அதற்குப் பதில் எழுதினார்.

அதில் இரண்டாம் புத்தகம் முழுவதும் உங்கள் கேள்விதான். தரையில் கிடக்கும் ஒரு துரும்பை எடுப்பதற்குக்கூட வேதவசனம் வேண்டும் என்றால் மனிதனின் மனசாட்சி என்ன பாடுபடும் என்று கேட்கிறார். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த ஒரு எச்சரிக்கை. ஒரு மனிதரை நம்ப முடியாத அளவுக்குப் புகழ்ந்தால், அவருக்கு உண்மையிலேயே உள்ள நல்ல குணங்களையும் கேட்பவர்கள் சந்தேகிப்பார்கள். அப்படியே வேதத்துக்கு, அது தனக்கென்று கேட்காத வேலையையெல்லாம் ஏற்றி வைத்தால், அது நிச்சயமாகச் செய்கிற வேலைக்கு உள்ள கனமும் குறைந்துபோகும் என்கிறார். வேதத்தைக் குறைத்து மதிப்பிடுகிறவர் எழுதுகிற வாக்கியமா அது?

மாற்கு 7 பற்றி: அங்கே கண்டிக்கப்படுவது தேவகட்டளையைத் தள்ளிவிட்டு நிற்கிற பாரம்பரியம். கோட்பாடு 20-ம் அதையேதான் சொல்கிறது. சடங்குகளை ஏற்படுத்த சபைக்கு அதிகாரம் உண்டு, ஆனால் எழுதப்பட்ட தேவவசனத்துக்கு விரோதமாக எதையும் ஏற்படுத்தக் கூடாது.

அகராதி:

இடையில் ஒன்று சொல்லலாமா? நான் தமிழ் ஆசிரியை. கிரேக்கம் கொஞ்சம் படித்திருக்கிறேன். நேர்வழி காட்டிய மாற்கு 7-இல் "மனுஷருடைய பாரம்பரியம்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் வருகிற இடத்தில் கிரேக்கச் சொல் 'பராதோசிஸ்'. கையளிக்கப்பட்டது என்று பொருள். அதே சொல் 2 தெசலோனிக்கேயர் 2:15-இல் வருகிறது. அங்கே தமிழில் "முறைமைகளைக் கைக்கொள்ளுங்கள்". 1 கொரிந்தியர் 11:2-இலும் அதே சொல்தான், அங்கே தமிழில் "கட்டளைகள்".

ஆக, கண்டிக்கிற இடத்தில் மட்டும் பாரம்பரியம், கைக்கொள்ளச் சொல்கிற இடங்களில் முறைமை, கட்டளை. மொழிபெயர்த்தவர்கள் வேண்டுமென்று செய்தார்களா என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தமிழ் வேதத்தை மட்டும் வாசித்து வளர்ந்த நமக்குப் பாரம்பரியம் என்றாலே பரிசேயர் நினைவுக்கு வருவதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும்.

கடலோரம்:

அகராதி அக்கா சொன்னதைத்தான் எங்கள் பக்கம் ஆண்டாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் கத்தோலிக்கன், சண்டை போட வரவில்லை. பவுல் "வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது" என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். புதிய ஏற்பாட்டில் 27 புத்தகங்கள் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? சபைதானே சொன்னது? எங்கள் சபையின் திரெந்து சங்கம் 1546-இல் எழுதப்பட்ட வேதத்தையும் எழுதப்படாத மரபுகளையும் சமமான பக்தியோடு ஏற்கிறோம் என்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இன்னும் அழகாகச் சொன்னது: இரண்டும் ஒரே தெய்வீக ஊற்றிலிருந்து வருகின்றன. நீங்கள் பாரம்பரியத்தை வைத்துக்கொள்கிறீர்கள். அதற்குரிய இடத்தை மட்டும் கொடுக்க மறுக்கிறீர்கள்.

பொருநைக்கரை:

கடலோரம் ஐயா, நீங்கள் நிதானமாகக் கேட்டதற்கு நன்றி. உங்கள் கேள்வியைத் தள்ளிவிட எனக்கு மனம் இல்லை, அது கனமான கேள்வி.

கோட்பாடு 20 சபையை வேதத்தின் சாட்சி என்றும் காவல் என்றும் சொல்கிறது. 27 புத்தகங்களைச் சபை அடையாளம் கண்டது உண்மை. ஆனால் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். சாட்சிக் கையெழுத்து பத்திரத்துக்குப் பலம், அதனால் சாட்சிக்கு மரியாதை உண்டு. ஆனால் பத்திரத்தில் இன்னொரு வரி சேர்க்க அவருக்கு உரிமை கிடையாது.

பாரம்பரியத்தை நாங்கள் அலங்காரத்துக்காக வைத்திருப்பதாகவும் நினைக்க வேண்டாம். நிசேயா விசுவாசப்பிரமாணத்தில் "பிதாவோடே ஒரே தன்மையுடையவர்" என்று ஒவ்வொரு திருவிருந்திலும் சொல்கிறோம். அந்தச் சொல் வேதத்தில் இல்லை. 325-இல் நிசேயா சங்கம் அதை வைத்தது, குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதகம் வேதவசனங்களையே எடுத்துப் பேசியதால். வசனத்துக்கு வசனம் என்று போனால் தீராத இடத்தில், வேதம் மொத்தமாக என்ன சொல்கிறது என்பதற்கு ஒரு சொல் தேவைப்பட்டது. எங்கள் கோட்பாடு 8 மூன்று விசுவாசப்பிரமாணங்களையும் முழுமையாக ஏற்க வேண்டும் என்கிறது. காரணம் சங்கம் சொன்னது என்பதால் இல்லை, வேதத்தின் உறுதியான ஆதாரங்களால் நிரூபிக்கப்படக் கூடியவை என்பதால். கோட்பாடு 21 பொதுச்சங்கங்களும் தவறக் கூடும், தவறியும் இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறது.

ஆக, பாரம்பரியம் எங்களுக்கு இரண்டாவது ஊற்று இல்லை. அதே தண்ணீரை நமக்கு முன்னால் குடித்தவர்களின் அனுபவம். 1571-இல் இங்கிலாந்துப் பேராயர்கள் பிரசங்கிகளுக்குப் போட்ட விதியும் அதையே சொல்கிறது: பழைய, புதிய ஏற்பாடுகளின் போதனைக்கு ஒத்ததையும், பழங்காலப் பிதாக்களும் பேராயர்களும் அதிலிருந்தே திரட்டியதையும் போதியுங்கள். லான்சலட் ஆண்ட்ரூஸ் என்ற ஆங்கிலிக்கன் பேராயர் எண்ணிக்கையாகவே சொன்னார்: ஒரு வேதம், இரண்டு ஏற்பாடுகள், மூன்று விசுவாசப்பிரமாணங்கள், நான்கு பொதுச்சங்கங்கள், ஐந்து நூற்றாண்டுகள். ஞாபகம் வைத்துக்கொள்ள எளிது. அது ஒன்றில் தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள்.

பனையோலை:

முக்காலியை விட்டுவிட்டேன் அண்ணாச்சி. ஒரு சந்தேகம். ஜெபபுத்தகம் எதில் சேரும்? அதுவும் பாரம்பரியம்தானே?

பொருநைக்கரை:

ஆமாம் தம்பி. ஆனால் கேன்டர்பரி பேராயர் கிரான்மர் 1549-இல் முதல் ஜெபபுத்தகம் கொண்டுவந்தபோது எழுதிய முகவுரையை வாசித்தால் மனம் நிறைந்துவிடும். வேதம் முழுவதையும் வருடத்துக்கு ஒருமுறை வாசித்து முடிக்க வேண்டும் என்று பழங்காலப் பிதாக்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள், பின்னால் சேர்ந்த கதைகளும் சடங்குகளும் அதைக் கெடுத்துவிட்டன என்று வருத்தப்படுகிறார். பாரம்பரியத்தைக் காட்டியே வேதத்தை மீட்கிறார்! சில அதிகாரங்கள் நீங்கலாகப் பழைய ஏற்பாடு வருடத்துக்கு ஒருமுறை, வெளிப்படுத்தின விசேஷம் நீங்கலாகப் புதிய ஏற்பாடு மூன்று முறை, 150 சங்கீதங்களும் 30 நாளில் ஒரு சுற்று. எழுத்தே தெரியாத உழவனும் காலை மாலை கோயிலுக்கு வந்தால் காதால் வேதத்தைக் கேட்டு முடித்துவிடலாம். பாரம்பரியத்துக்கு ஆங்கிலிக்கன் சபை கொடுத்த மிகப் பெரிய வேலை என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கடலோரம்:

சரி, ஒப்புக்கொள்கிறேன், நான் நினைத்ததைவிட ஆழமாக இருக்கிறது. ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. "வேதத்தால் நிரூபிக்கப்பட்டது" என்று யார் தீர்ப்புச் சொல்வது? இருவர் ஒரே வசனத்தை வைத்துச் சண்டை போட்டால்?

மணிக்கூண்டு:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நம்மை வலிக்கச் செய்கிற உதாரணம் ஒன்று இருக்கிறது. அதுவும் ஞானஸ்நானம் பற்றியதுதான். 1847-இல் எக்ஸெட்டர் பேராயர் பில்பாட்ஸ், ஜார்ஜ் கோரம் என்ற போதகரை ஒரு சபைக்கு நியமிக்க மறுத்தார். ஞானஸ்நானம் பெறும் குழந்தை அந்தச் சடங்கிலேயே மறுபடி பிறக்கிறதா என்பதில் கோரத்தின் கருத்து தவறு என்றார். வழக்கு நீதிமன்றம் ஏறி, 1850-இல் அரசின் பிரிவி கவுன்சில் கோரம் பக்கம் தீர்ப்பளித்தது. சபையின் உபதேசத்தை அரசாங்க நீதிபதிகள் தீர்ப்பதா என்று பலர் உடைந்துபோனார்கள். ஹென்றி மேனிங் என்ற ஆங்கிலிக்கன் குரு அடுத்த வருடமே ரோம சபைக்குப் போனார்.

இன்னொரு ஆங்கிலிக்கன் குருவான நியூமன் 1845-இலேயே போய்விட்டார். 39 கோட்பாடுகளைக் கத்தோலிக்கப் பாரம்பரியத்தோடு ஒத்துப்போகும்படி வாசிக்கலாம் என்று 1841-இல் அவர் எழுதிய 90-ஆம் துண்டுப்பிரசுரம் கிளப்பிய புயல் ஓயவே இல்லை. இவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. கடலோரம் கேட்ட கேள்விதான் அவர்களை இழுத்துக்கொண்டு போனது.

இன்றைக்கும் உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாடு தீர்மானம் போடலாம், எந்தச் சபையையும் சட்டப்படி கட்டுப்படுத்த முடியாது.

பொருநைக்கரை:

மணிக்கூண்டு சொன்னதை மறைக்க எனக்கு ஆசை இல்லை. இது நமக்கு உள்ள காயம்தான். கடைசித் தீர்ப்புச் சொல்ல ஒரு நாற்காலி நம்மிடம் இல்லை. பேராயர்கள், சினாடு (சபையின் பொது மன்றம்), வேத பண்டிதர்கள், ஜெபிக்கிற சாதாரண ஜனங்கள் எல்லோரும் சேர்ந்து வாசித்து, மெதுவாக, சில சமயம் தலைமுறைகள் கழித்துத்தான் தெளிவு வருகிறது. அதற்குள் பலர் புண்படுகிறார்கள். இருந்தாலும் நான் இங்கேயே நிற்கிறேன். தவறக்கூடிய சபை தன் தவறை வேதத்தின் முன் வைத்துத் திருத்திக்கொள்ள ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவை மூட எனக்குச் சம்மதம் இல்லை.

மணிக்கூண்டு:

அந்தக் கதவு வழியாகத்தான் நம் சபையே பிறந்தது அண்ணாச்சி. 1550-இல் வந்த அபிஷேக ஒழுங்கின் முகவுரை சொல்கிறது: பரிசுத்த வேதத்தையும் பழங்கால ஆசிரியர்களையும் கவனமாக வாசிக்கிற எவருக்கும், பேராயர், குரு, உதவிக்குரு என்ற ஊழியங்கள் அப்போஸ்தலர் காலம் முதல் இருப்பது தெளிவு. வேதமும் பழங்கால ஆசிரியர்களும், இரண்டும் ஒரே மூச்சில். ஆனால் பேராயர் இல்லாவிட்டால் சபையே இல்லை என்று அது சொல்லவில்லை.

1919-இல் தரங்கம்பாடியில் சபைகளின் ஐக்கியத்துக்கு அறிக்கை கொடுத்தபோது எழுந்த சிக்கல் அதுதான். பேராயர் இல்லாத பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் சபைகளோடு, பின்னால் மெதடிஸ்டுகளோடும், எப்படி இணைவது? 28 வருடம் பேசினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்து, முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான அசரியா அதற்காக உழைத்து, பார்க்காமலே 1945 புத்தாண்டு அன்று மரித்தார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஐக்கியம் நடந்தது. பேராயர் ஊழியத்தை ஏற்றுக்கொண்டார்கள், அதைப் பற்றி இந்த ஒரு விளக்கத்தைத்தான் நம்ப வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மற்ற சபைகளின் போதகர்களுக்கு மறுபடி கைவைத்து அபிஷேகம் செய்யவும் இல்லை. சி.எஸ்.ஐ. அமைப்புச் சட்டத்தில் வேதம் இரட்சிப்புக்கு வேண்டிய எல்லாவற்றையும் அடக்கியது என்ற அதே ஆறாம் கோட்பாட்டின் வார்த்தை இருக்கிறது. இங்கிலாந்தில் பலர் நம்மை விட்டு முகத்தைத் திருப்பினார்கள். ஆனால் ஆறாம் கோட்பாட்டை நாம் அன்றைக்கு வார்த்தைக்கு வார்த்தை வாழ்ந்து காட்டினோம் என்று நம்புகிறேன்.

அகராதி:

பெண்கள் விஷயத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1944 ஜனவரியில், போர்க்காலத்தில், மக்காவ் சபைக்குத் திருவிருந்து கொடுக்க ஒரு குருவும் இல்லாத நிலையில், ஹாங்காங் பேராயர் ஹால் புளோரன்ஸ் லீ டிம்-ஓய் அம்மையாரைக் குருவாக அபிஷேகம் செய்தார். எதிர்ப்பு வந்ததும், சபைக்குப் பிளவு வேண்டாம் என்று அவர் குருத்துவப் பணியைச் செய்வதை நிறுத்திக்கொண்டார். நம் சி.எஸ்.ஐ. 1976-இல் பெண்களை அபிஷேகம் செய்தது. இங்கிலாந்து சபை அதற்கு 1994 வரை எடுத்துக்கொண்டது. இரு பக்கமும் வேதத்தைத்தான் காட்டினார்கள். அந்த அம்மையார் காத்திருந்த வருடங்களை நினைக்கும்போது, "மெதுவாகத் தெளிவு வரும்" என்று சொல்வது எனக்கு அவ்வளவு எளிதாக இல்லை.

பொருநைக்கரை:

அது நியாயம் அம்மா. என் வார்த்தை அங்கே இலேசாகிவிட்டது.

நேர்வழி:

எல்லாவற்றையும் வாசித்தேன். அங்கி, நாட்காட்டி பற்றி இனி அவ்வளவு கடுமையாகப் பேச மாட்டேன். ஆனால் ஞானஸ்நானம் அங்கியைப் போன்றது இல்லையே. அது கர்த்தர் ஏற்படுத்தியது. அதற்கு வசனம் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

பொருநைக்கரை:

மாற வேண்டாம் தம்பி. அது சரியான கோரிக்கை. கோட்பாடு 27 குழந்தை ஞானஸ்நானத்தைச் சபையின் பழக்கம் என்பதற்காக வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கிறிஸ்து ஏற்படுத்தியதற்கு மிகவும் இசைந்தது என்பதால் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நேரடிக் கட்டளை இருப்பதாகப் பொய் சொல்லாத நேர்மையான வார்த்தை அது. வேதத்தில் இருப்பது: "வாக்குத்தத்தம் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்" என்ற பேதுருவின் சொல், லீதியாள் வீட்டாரும் சிறைக்காவலன் வீட்டாரும் பெற்ற ஞானஸ்நானம், குழந்தைகளை அணைத்துக்கொண்ட கர்த்தர். ஜெபபுத்தகத்தின் ஞானஸ்நான ஆராதனையில் வாசிக்கப்படும் சுவிசேஷமே மாற்கு 10-இன் அந்தப் பகுதிதான்.

அந்த வீட்டாரில் கைக்குழந்தை இருந்ததா என்று வேதம் சொல்லவில்லை. இங்கேதான் முந்தினவர்களைக் கேட்கிறோம். சுமார் 200-ஆம் ஆண்டில் தெர்த்துல்லியன் என்ற சபை ஆசிரியர் குழந்தைகளுக்குத் தள்ளிப்போடலாமே என்று எழுதினார். தள்ளிப்போடச் சொல்கிறார் என்றால் அப்போதே கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். அடுத்த தலைமுறையில் ஓரிகன் என்ற இன்னொரு ஆசிரியர் அதைச் சபை அப்போஸ்தலரிடமிருந்து பெற்றது என்கிறார். வேதம் கதவைத் திறந்து வைக்கிறது, முந்தினவர்கள் அதன் வழியே நடந்த தடம் தெரிகிறது. உங்களுக்கு இது போதாமல் இருக்கலாம். எனக்குப் போதும்.

முழுக்குப் பற்றியும் ஒன்று. 1662 ஜெபபுத்தகத்தின் குறிப்பு, குழந்தை தாங்கும் என்று சொன்னால் தண்ணீரில் கவனமாக முழுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பலவீனமான குழந்தை என்றால் தண்ணீர் ஊற்றினால் போதும். நாம்தான் ஊற்றுவதையே வழக்கமாக்கிக்கொண்டோம்.

நேர்வழி:

இது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நிஜமாகவே தெரியாது.

ஆர்மோனியம்:

நான்கு நாளாக இரவில் உட்கார்ந்து இதையெல்லாம் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். நேற்று அண்ணனுக்குப் போன் செய்தேன். கட்டளை வசனம் என்னிடம் இல்லை, ஆனால் எங்கள் சபை ஏன் இதைச் செய்கிறது என்று இப்போது சொல்ல முடியும் என்று சொல்லி, பேதுருவின் வசனத்தையும் மாற்கு 10-ஐயும் வாசித்துக் காட்டினேன். அவர் சம்மதிக்கவில்லை. ஆனால் வருகிறேன் என்றார்.

டீச்சரிடம் பத்திரச் சாட்சி உதாரணத்தைச் சொன்னேன். "யோசிக்கிறேன்" என்றார்கள். அவர்களும் வருகிறார்கள்.

ஐயரிடம் முழுக்கிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் திகைத்துவிட்டு, பெரிய பாத்திரம் இருந்தால் கொடுக்கலாம் என்றார். கோயில் தொட்டி சின்னது. அம்மாவின் பித்தளை அண்டா பரணில் இருக்கிறது, நாளைக்கு இறக்கி, புளி போட்டுத் தேய்க்க வேண்டும். பையன் நல்ல கனம், தாங்குவான்.